அம்மாவுக்கு மனநோய், நான் கொழும்பில்: விட்டுவிட்டு வந்தது பாவமா?

கேட்டிருப்பவர் மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்த 23 வயதுத் தங்கச்சி. எட்டு வயதாக இருக்கும்போது அம்மாவுக்குச் சுகமில்லாமல் போயிருக்கிறது. வாசலில் யாரோ நிற்கிறார்கள், சோற்றில் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று அம்மா சொல்வாராம். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது மனச்சிதைவு நோய், ஸ்கிட்சோஃப்ரீனியா. அப்பா இல்லை. தங்கச்சி இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அம்மாவோடு இருப்பது, அடுத்த வருஷம் சாதாரண தரம் எழுதப்போகும் தம்பி. விட்டுவிட்டு வந்தது பாவமா, எனக்கும் இது வருமா, பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று மூன்று கேள்வி. கடைசி வரியில் நாலாவதாக ஒன்றைச் சின்னதாகப் போட்டிருக்கிறார். அதற்குக் கடைசியிலேயே வருகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்து லயம் ஒன்றில் வளர்ந்தவள். என் அப்பாவுக்கு இருமுனை மனநோய், மனம் சில காலம் உச்சத்துக்கும் சில காலம் பாதாளத்துக்கும் போகிற நோய். அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியவரும்போது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. பிறகு 19 வருஷம் மனநல கிளினிக்குகளில் ஆலோசகராக வேலை செய்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கதை. எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா மூன்று கிழமை தூங்காமல் ஓடித்திரிந்துவிட்டு, பிறகு ஒரு மாதம் படுக்கையைவிட்டு எழும்பாமல் கிடந்தார். தோட்டத்து டாக்டர் ஐயா துண்டு எழுதி டவுன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்குச் சிங்களத்தில் பஸ் நேரம் கேட்கத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களம் பழகியிருந்தவள் நான்தான். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டதை எல்லாம் சரியாகத்தான் மாற்றிச் சொன்னேன். அடுத்து, "சாக வேணும் என்ற நினைப்பு வருதா என்று அப்பாவிடம் கேள்" என்றார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "அப்பா, பசிக்குதா?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றார். டாக்டரிடம் "நெஹெ" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

நல்லகாலம், அப்பா தப்பினார். ஆனால் முப்பது வருஷம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த டாக்டர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. வாசலில் நூறு பேர் காத்திருந்தார்கள், அவரும் என்ன செய்வார். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று ஆனது. சட்டம் எழுதின கையோடு எல்லா வாட்டிலும் தமிழ் பேசுகிறவர் வந்து உட்கார்ந்துவிடவில்லை. நான் வேலை செய்த காலத்திலும் பள்ளிச் சீருடையோடு தாய்க்கு மொழிபெயர்க்க வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் நான் செய்கிற முதல் வேலை, பிள்ளையை வெளி வாங்கில் உட்காரவைத்து ஒரு பிஸ்கட் பக்கெட்டைக் கையில் கொடுப்பது.

தங்கச்சி, நீங்களும் இதுபோல எத்தனையோ செய்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இன்றைக்கு எப்படி என்று தெரிந்துவிடும். அடுப்பு எரிகிற விதத்தில் தெரியும், கோப்பையை வைக்கிற சத்தத்தில் தெரியும். சோற்றில் ஒன்றும் இல்லை என்று காட்ட நீங்களே முதல் கவளத்தை எடுத்துச் சாப்பிட்டிருப்பீர்கள். கவ்வாத்துக் கத்தியை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் "அம்மாவுக்குக் காய்ச்சல் சேர்" என்று சொல்லத் தெரியும். இவ்வளவும் ஒரு வேலை. சம்பளமில்லாத, லீவு இல்லாத வேலை. நீங்கள் கொழும்புக்கு வந்தபோது விட்டுவந்தது அந்த வேலையைத்தான். உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்வது அம்மாவை விட்டது அல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் போட்டுவிட்டு வந்த வேலைக்கு இப்போது தம்பி பேர் பதிந்திருக்கிறானே, அது.

ஆகவே பாவமா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். அதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, ஒரு ஆதாரமும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு போன மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். தாய் தகப்பனோடோ கணவன் மனைவியோடோ போய் இருந்தவர்களுக்கு, வாடகை அறையில் தனியாக இருந்தவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பி வந்தது. எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. பிறகு பல வருஷம் தோண்டிப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது. ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது, இவை உள்ள வீடுகளில்தான் நோய் அதிகமாகத் திரும்பியது. 1976இல் வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அப்படிப்பட்ட வீட்டில் நோயாளியும் குடும்பத்தாரும் முகத்துக்கு முகம் பார்த்து இருப்பது கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வந்த நோய் எப்போது திரும்புகிறது என்பதைப் பற்றிய கணக்கு இது. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையை, அந்தக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். அதில் மூன்று பேர். மழைக்காலத்தில் அந்த 35 மணித்தியாலம் புதன்கிழமைக்கு முன்னமே முடிந்துவிடும். நீங்கள் கொழும்பில் இருந்து மாதத்துக்கு ஒருமுறை பதறாமல் வந்துபோவது, அங்கேயே கிடந்து அம்மாவோடு முட்டிக்கொள்வதைவிட அம்மாவுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். அம்மா கொழுந்துக்குப் போவதும் அப்படித்தான். பலர் "சுகமில்லாதவளை ஏன் மலைக்கு அனுப்புறீங்க" என்று கேட்பார்கள். முடிகிற நாளில் போகட்டும். மலையில் நிற்கிற எட்டு மணித்தியாலம் அவருக்கும் வீட்டுக்கும் ஒரு மூச்சு.

இதோடு சேர்த்து, எந்தப் பத்திரிகையிலும் நான் படிக்காத ஒன்றையும் சொல்கிறேன். கிளினிக்குக்கு வந்த தோட்டத்துப் பெண்கள் குளிசையை ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டால் எல்லாரும் "அறியாமை" என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. இந்த மருந்துகள் சிலவற்றால் கை விறைக்கும், நடுங்கும், விரல் மெதுவாகும். கொழுந்து எடுப்பது விரலின் வேகத்தில் இருக்கிறது. தோட்டம் கேட்கிற கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். இரவு பத்து மணிக்குக் குளிசை போட்டவருக்குக் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழும்ப முடியாது. ஆக, மருந்தை நிறுத்தினால் சம்பளம், போட்டால் அரைச் சம்பளம். யாராக இருந்தாலும் நிறுத்திப் பார்க்கத்தான் செய்வார்கள். நிறுத்திய முதல் சில கிழமைகளில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, உடம்பு லேசாகவே இருக்கும். நோய் திரும்புவது பிறகு, மெதுவாக. அதனால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இதை டாக்டரிடம் இப்படியே சொல்லுங்கள். "அம்மா மருந்து எடுக்கிறதில்ல" என்று புகாராகச் சொன்னால் அம்மாவுக்குத் திட்டு விழும். "அம்மாவின் கை விறைக்குது, கிலோ குறையுது" என்று சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்குத் தனிக் குளிசை கொடுக்கலாம், இரவு மருந்தை ஏழு மணிக்கு மாற்றலாம். இரண்டு முதல் நாலு கிழமைக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் உண்டு. எல்லாருக்கும் ஒத்துவராது, அதனாலும் விறைப்பு வரலாம். ஆனால் உங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. தினமும் குளிசையை நீட்டிக்கொண்டு நிற்கிற வேலை தம்பிக்கு இல்லாமல் போகும். பதினைந்து வயதுப் பையன் தாயின் வாயைத் திறந்து பார்த்து "விழுங்கிட்டீங்களா" என்று கேட்பது இரண்டு பேருக்கும் நல்லதல்ல. சோற்றில் ஒளித்துக் கொடுப்பது அதைவிட மோசம். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று பயப்படுகிறவருக்கு நிஜமாகவே கலந்து கொடுத்தால், அவர் பிறகு யாரை நம்புவது?

தம்பிக்கு யாராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார்களா? அநேகமாக இல்லை. லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவில் கேட்கும். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. அவனுக்குக் கிடைக்கிறதெல்லாம் "லூசு", "மண்டை கோளாறு", பஸ்ஸில் யாராவது சிரித்துக்கொண்டு சொல்கிற "அங்கொடை". ஒரு ஊரின் பெயரே நம் நாட்டில் திட்டாகிப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும். அங்கே இப்போது இருப்பது தேசிய மனநல நிறுவனம். சுகமாகி வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

சொல்லப்படாத இடத்தைப் பிள்ளை தானே நிரப்பிக்கொள்ளும். நான் தண்ணி எடுத்துவரப் பிந்தியதால்தான் அப்பா அப்படிக் கத்தினார் என்று நான் பத்து வயதில் முடிவு கட்டியிருந்தேன். மூன்று வருஷம் தண்ணிப் பீலிக்கு ஓடிப்போய் ஓடிவந்தேன். கிளினிக்கில் நான் கண்ட ஒரு பையன், தான் பரீட்சையில் பெயிலானதால் அம்மாவுக்குக் குரல் கேட்கத் தொடங்கியது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

சீனி வருத்தம், பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வருத்தம் என்று சொல்லிக் கொடுக்கச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைகளுக்குப் போதாது என்பது என் அனுபவம். சீனி வருத்தக்காரர் பெற்ற பிள்ளையைப் பார்த்து "நஞ்சு வச்சிட்டியா" என்று கேட்பதில்லை. தம்பியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கனவுல புலி துரத்தினா நீ நெசமாவே வேர்த்துப்போய் எழும்புவ இல்லையா? அம்மாவுக்கு முழிச்சிருக்கும்போதே மூளை அந்த மாதிரிக் காட்டுது. வாசல்ல ஆள் நிக்கிறது அவங்களுக்கு நெசம். நீ ஒண்ணும் செஞ்சதால இது வரல்ல. நீ நல்லா நடந்துக்கிறதால சுகமாகவும் போறதில்ல." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தன்னால் வந்தது என்று நினைக்கிற பிள்ளையைவிட, தன்னால் சுகமாக்க முடியும் என்று நினைக்கிற பிள்ளைதான் அதிகமாகக் களைத்துப்போகிறது.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பெரிய ஆள். ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒன்று இருக்கிறது. 1955இல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் கூலி வேலைக்கு வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். படிக்கும்போது எனக்கு நம் தோட்டங்களே கண்ணில் நின்றன. வறுமை, குடும்பச் சண்டை, தாய் தகப்பனின் குடி அல்லது மனநோய் என்று பல சுமை ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்து ஆளானார்கள். அவர்களிடம் பொதுவாகக் கண்டது, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் இருந்தது. பாட்டியோ சித்தியோ வாத்தியாரோ, யாராவது ஒருவர். எனக்கு அது, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயா. அப்பா உச்சத்தில் இருந்த இரவுகளில் அவர் வீட்டு அடுப்படியில் படுத்துக்கொள்வேன். அவர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ரொட்டி மட்டும் சுடுவார்.

அப்பா உச்சத்தில் இருந்த நாட்களைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களுக்கு அது திருவிழா. கடன் வாங்கி ரேடியோ வாங்கினார். சம்பள நாளில் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஐஸ் பழம். நடுச்சாமத்தில் எழுப்பிப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அந்த அப்பாவை நான் விரும்பினேன். மருந்து போட்ட பிறகு வந்த அமைதியான அப்பாவை எனக்குக் கொஞ்ச காலம் பிடிக்கவே இல்லை. இப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்ட வருஷங்கள் எனக்கு உண்டு. உங்களுக்கும் இதுபோல ஏதாவது இருந்தால், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்கியது போன்ற ஒன்று, அதற்குத் தண்டனை போட்டுக்கொள்ள வேண்டாம்.

தம்பிக்கு அந்த ஒரு ஆள் யார் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அவனாகத் தேடிக்கொள்வான் என்று விடாதீர்கள். அடுத்த லயத்துச் சித்தியாக இருந்தால் அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். கிளினிக் நாளில் அம்மாவோடு யார் போவது, அந்த நாள் சம்பளம் போகிறதே அதற்கு நீங்கள் அனுப்பும் காசில் எவ்வளவு கொடுப்பது, அம்மா இரண்டு இரவு தூங்காவிட்டால் தம்பி எங்கே போய்ப் படுப்பது. இவ்வளவையும் ஒரு கடுதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதோடு நம்பர்களும் இருக்கட்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926, எந்த நேரமும் எடுக்கலாம். ஆபத்து என்றால் இலவச அம்புலன்ஸ் 1990. பிள்ளைகளுக்கென்று 1929. அம்மா சாவைப் பற்றிப் பேசினால் அதைச் சும்மா மிரட்டல் என்று விடாமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். குளிசைகளையும் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளையும் வீட்டில் வைக்காமல் சித்தி வீட்டில் பூட்டிவைப்பது வீண் பயம் இல்லை. 1990களின் நடுவில் உலகத்திலேயே அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்று நம் நாடு. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்த எண்ணிக்கை பெருமளவு விழுந்தது. கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காத்திருக்கிறது.

கோடாங்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊரில் கேட்பார்கள். செய்வினை, முனி அடிச்சிருக்கு, ராத்திரி ஆத்தோரம் போனதால் பிடிச்சிருக்கு என்று சொல்ல ஆள் இருக்கும். கோயிலோடு சண்டை பிடிக்க வேண்டாம். மாரியம்மன் கோயிலில் திருநீறு போட்டுக் கயிறு கட்டினால் அம்மாவுக்கு மனம் ஆறுமென்றால் கட்டட்டும். என் அம்மா கட்டாத கயிறு இல்லை. உடுக்கு அடிக்கிற இடத்தில்தான் முழு லயமும் எங்கள் வீட்டுக் கஷ்டத்தைக் கஷ்டம் என்று ஒத்துக்கொண்டு கூடி உட்கார்ந்தது, அதையும் மறுக்க மாட்டேன். ஆனால் பிரம்பு எடுத்தாலோ, பட்டினி போட்டாலோ, "இங்கிலீசு மருந்தை நிறுத்தினாத்தான் இறங்கும்" என்று சொன்னாலோ அம்மாவைக் கூட்டிக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கள்.

எனக்கும் வருமா? இதற்குக் கணக்கைச் சொல்கிறேன். மனச்சிதைவு நோய் பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில். அதாவது நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு வராது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும் மற்றவர் பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் தப்பிவிடுகிறார். ஆக இரத்தத்தில் ஒரு பங்கு இருக்கிறது, முழுதும் இல்லை. பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதுகள் வரைதான் அதிகம் தொடங்குகிற காலம். நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள், அதை மறைத்துப் பேச விருப்பமில்லை. ஒரு இரவு தூக்கம் வராததற்குப் பயப்பட வேண்டாம். கிழமைக் கணக்கில் தூக்கம் கெட்டு, கடையில் எல்லாரும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உறுதியாகத் தோன்றி, ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்டால் உடனே போய்க் காட்டுங்கள். வைத்தியத்தைச் சீக்கிரம் தொடங்கினால் நோய் சீக்கிரம் கேட்கும். கஞ்சா இந்த நோய்க்கு வாசல் திறந்துவிடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். இதை உங்களுக்குச் சொல்லவில்லை, தம்பிக்கு. டவுனில் பையன்கள் கையில் என்னென்ன சுற்றுகிறது என்று எனக்குத் தெரியும்.

நம்மைப் போல வளர்ந்தவர்களுக்கு உண்மையில் அதிகம் வருவது அம்மாவுக்கு வந்தது அல்ல, மனச்சோர்வும் பதகளிப்பும்தான். யாராவது குரலை உயர்த்தினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சிரிக்கிற மனிதரைப் பார்த்தாலும் அடுத்து என்ன நடக்கும் என்று முகத்தையே படித்துக்கொண்டிருப்போம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கோப்பையைச் சற்று வேகமாக வைத்தாலே நான் எழும்பி நின்றுவிடுவேன். இது உங்களுக்கும் இருந்தால் அதற்காகவே ஒரு ஆலோசகரிடம் போகலாம், "எனக்குப் பைத்தியம் இல்லையே" என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. இன்னொன்று, பிள்ளை பெறும் காலம் வந்தால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் அம்மாவுக்கு இருந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சில கிழமைகள் தாய்க்கு மனம் குழம்பும் ஆபத்து கூடுகிற காலம். தெரிந்திருந்தால் கவனமாக இருப்பார்கள்.

கல்யாணப் பேச்சு. சொல்லுங்கள் என்பதுதான் என் கட்சி. மறைத்துக் கட்டிய கல்யாணங்களில் பிறகு நடந்ததை நான் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து கேட்டவள். ஒவ்வொரு சண்டையிலும் "உன் ஆத்தா மாதிரியே ஆடுறியே" என்று வரும். கோபப்படவே பயந்து வாழ்கிற பெண்கள் அவர்கள். ஆனால் தரகரிடம் சொல்லாதீர்கள், அவர் வாயில் அது வேறு உருவம் எடுக்கும். முதல் நாள் டீ கொடுக்கும்போதும் வேண்டாம். இரண்டு பக்கமும் பிடித்துப்போய், பரிசம் போடுவதற்கு முன், பையனிடம் நேராக நீங்களே சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள், அம்மா மருந்தில் இருப்பதைச் சொல்லுங்கள், மேலே சொன்ன கணக்கையும் சொல்லுங்கள். அம்மாவுக்குக் காசு அனுப்புவதை நிறுத்த மாட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், உண்மையில் சண்டை வருவது அதில்தான். கேட்டுவிட்டு எழும்பிப் போகிறவர் போகட்டும். எனக்கு அப்படி இரண்டு பேர் போனார்கள். மூன்றாமவர் "மாமாவுக்கு இப்ப தூக்கம் எப்படி?" என்று கேட்டார்.

இனி அந்தக் கடைசி வரி. "அம்மா ஒவ்வொரு போனிலும் உன் வாசல்ல நிக்கிறது யாருன்னு கேக்கிறாங்க. இல்லன்னு சொன்னா அழுறாங்க, ஆமான்னு சொன்னா பயப்படுறாங்க. என்ன சொல்றது?" இரண்டையும் சொல்லாதீர்கள். இல்லை என்று வாதாடினால், நீங்களும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டதாக அம்மா நினைப்பார். ஆமாம் என்றால் அவருடைய பயத்துக்கு நீங்களே சாட்சி. ஆள் நிற்பதைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, அந்தப் பயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: "எனக்கு யாரும் தெரியல்லம்மா. உங்களுக்குப் பயமா இருக்கும்னு விளங்குது. நான் கதவப் பூட்டிட்டுத்தான் படுக்கிறேன்." திரும்பக் கேட்டால் இன்னும் ஒருமுறை அதையே, அதே குரலில். மூன்றாம் தடவை பேச்சை மெதுவாக மாற்றி, "அங்க மழையாம்மா?" என்று கேளுங்கள். மஸ்கெலியாவில் அநேகமாக மழையாகத்தான் இருக்கும். அதைப் பற்றிச் சொல்ல அம்மாவிடம் நிறைய இருக்கும்.